முள்

கட்டபெட்டு ஏற்றத்தில் முள் எழுந்தது.
பாதி, முக்கால்,
சிவப்புக் கோட்டின் ஓரம்.
அருவேணுப் பக்கம் வெயிலுக்கு வந்ததும்
ஒன்றுமே நடக்காத மாதிரி விழுந்தது.

மூன்று வாரமாய் இதே கதை.
ஜெரால்டு முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றினான்.
அப்புறம் தெர்மோஸ்டாட்.
"பழசு பாதியில சிக்கிக்கிச்சு.
திறக்கிறதும் இல்ல, மூடுறதும் இல்ல,
உங்க வார்டு கவுன்சிலர் மாதிரி."
சிரித்துக்கொண்டே எழுநூற்றைம்பது வாங்கினான்.
முள் அதற்கும் எழுந்தது.

குழாயில் காற்று நிற்கும் என்று
வண்டியை மேட்டில் மூக்கு தூக்கி நிறுத்தி
மூடி திறந்து ஓடவிட்டோம்.
நாலு குமிழி வந்தது.
ஐந்தாவதற்குக் காத்திருந்து
டீ குடித்துவிட்டு வந்தோம்.

கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு
ஹெட் கேஸ்கட் என்றான்,
ஆஸ்பத்திரி வராந்தாவில்
குரலைத் தாழ்த்தி ஒரு நோயின் பெயர் சொல்வார்களே, அப்படி.
பதினெட்டாயிரம். யோசிச்சுச் சொல்லு.
யோசித்தேன்.
யோசிக்கிற நாளிலும் இலை எடுக்கப் போகத்தானே வேண்டும்.

இன்றைக்கு ஆயிரத்து நூறு கிலோ.
மாதியம்மாவின் ஏழு மூட்டை அடியில்,
ஈரம் போகாத இலை,
காலையிலேயே மிதித்து அடைத்தது.
மூன்று மணிக்கு மஞ்சு இறங்கிவிட்டது.
லைட் போட்டேன்.
முள் எழுந்தது.

ஓரம் கட்டி, அணைத்து,
பானெட்டைத் தூக்கி மேல் குழாயைத் தொட்டேன்.
சுட்டது,
ஆனால் என்றைக்கும் சுடுகிற சூடுதான்.
கொதி இல்லை. ஆவி என்று பயந்தது மஞ்சு.
இருந்தாலும் பயம் பயம்தான்,
பதினெட்டாயிரத்தின் பயம்.
ஒன்றரை மணி நேரம் ஆறவிட்டேன்.

வளைவில் பஸ் ஹார்ன்.
இடிக்கப்போகிறானே என்று
ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி
லைட்டைத் தட்டினேன்.
குளிர்ந்த என்ஜின், தூங்கின என்ஜின்.
முள் எழுந்தது.
அணைத்தேன், விழுந்தது.
போட்டேன்,
எழுந்தது.

பஸ்காரன் திட்டிவிட்டுப் போனான்.
நான் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தேன்.
அந்த வளைவில் மஞ்சு எப்போதும் நிற்கும்.
மஞ்சு வந்தால் லைட்,
லைட் போட்டால் முள்.
மூன்று வாரமாய் ஏற்றத்தைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

டாஷ்போர்டுக்கு அடியில்
மீட்டரின் எர்த் ஒயர் தகரத்தைத் தொடும் இடத்தில்
கண்ணாடி ரப்பர் வழியே ஒழுகிய மழை
பச்சையாய்ப் பூத்திருந்தது.
பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
உப்புத்தாள், கட்டைவிரல் அகலம்.
ஆறு நிமிஷம்.
அப்புறம் மலையே மஞ்சானாலும் முள் அசையவில்லை.
ஃபேக்டரிவரை விசில் அடித்துக்கொண்டு போனேன்.

கிரிதரன் எந்த மீட்டரும் பார்க்கவில்லை.
அடி மூட்டையில் முழங்கை மறைய கையை விட்டான்.
கொஞ்ச நேரம் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான்.
"உள்ள வெந்துபோச்சேப்பா."
அள்ளி எடுத்த பிடி
செம்பு நிறத்தில் இருந்தது.
ஏழு மூட்டைக்கும் பாதி விலை என்று எழுதினான்.
மாதியம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும்,
என்னவென்று சொல்வது,
லைட்டை என்றா, மழையை என்றா.

அவன் அந்தப் பக்கம் போனதும்
அதே குழியில் நானும் கையை விட்டேன்.
வெளியே ஒன்பது டிகிரி இருக்கும்.
இதமாக இருந்தது.
உடனே எடுக்கத் தோன்றவில்லை.