ஏழாவது கட்டம்

சட்டையைக் கழற்றிச் சுழற்றினால் மஞ்சள்.
இதில் யோசிக்க ஒன்றுமில்லை,
கழற்றியவனுக்கே தெரியும்.
வீசிய சட்டையைப் பொறுக்கிக்கொண்டு
அட்டை வாங்க அவனே வந்து நிற்பான்.

தொடாத காலைப் பிடித்துக்கொண்டு
மூன்று உருளல் உருள்பவனுக்கும் மஞ்சள்.
ஆனால் பாலாற்றங்கரைத் திடலில்
கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும்.
இங்கே புல் கிடையாது, சரளை.
நடிக்க விழுந்தவனுக்கும்
முட்டி நிஜமாகவே கிழிந்திருக்கும்.

கைதட்டல்தான் கஷ்டம்.
ஆஃப்சைடு கொடுத்ததும்
என் முகத்துக்கு நேரே, நிதானமாக,
ஒன்று, இரண்டு, மூன்று.
பகலில் ஆம்பூர் ஷூ கம்பெனியில்
தரம் பார்க்கிறவன் நான்.
தையல் ஒரு நூல் விலகியிருந்தால்
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவேன்.
எந்தத் தோலும் என்னோடு வாதாடியதில்லை.
இங்கே தட்டுகளை எண்ணுகிறேன்.
இரண்டோடு நிறுத்தினால்
பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஓடிவிடுவேன்.
மூன்றாவதுக்குக் கை பாக்கெட்டில் இருக்கும்.

அன்றைக்கு வாணியம்பாடியில் அரையிறுதி.
ஏலகிரி மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.
மக்ரிப் பாங்குக்கு முன்னால் முடித்துத் தருவதாக
கமிட்டிக்காரர்கள் பள்ளிவாசலில் சொல்லியிருந்தார்கள்.

லோகசந்தர் அடித்த பெனால்டியை
ஏசடியான் இடப்பக்கம் பாய்ந்து
நெஞ்சோடு அணைத்து விழுந்தான்.
இருவருக்கும் ஒரே தோல் ஷெட்.
ஒருவன் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிறவன்,
மற்றவன் மேலே நின்று ஷிப்ட் கணக்கு எழுதுகிறவன்.

எழுந்திருக்கக் கை கொடுப்பவனைப்போல
லோகசந்தர் குனிந்தான்.
ஒரு சொல்.
உதடு பிரிந்து மூடுகிற நேரம்.
வேலியோரம் கைதட்டினார்கள்,
“பார்றா, பெரிய மனசு.”

கேட்டது மூன்று பேர்.
சொன்னவன்.
பந்தை அணைத்துக் கிடந்தவன்.
விசிலைப் பல்லில் கடித்திருந்த நான்.

சட்டத்தில் இதற்குச் சந்தேகமே இல்லை, நேராகச் சிவப்பு.
கை பின்பாக்கெட்டுக்குப் போய்விட்டது.
அப்போதுதான் ஏசடியான் என்னைப் பார்த்தான்.
கையுறையின் மண்ணைத் தட்டுகிற சாக்கில்
கொசு ஓட்டுவதுபோல் ஒரு தலையசைப்பு.
வேண்டாம்.

புரிந்தது எனக்கு.
அட்டை மேலே போனால்
முந்நூறு வாய் கேட்கும்: என்னய்யா சொன்னான்?
அந்தச் சொல்லை ஆளுக்கொரு தரம்
நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள்.
திங்கட்கிழமை அது
தொட்டிக்கு அவனுக்கு முன்னால் போய் நிற்கும்.

அடிபட்டவன் பொறுத்தாலும் ஃபவுல் ஃபவுல்தான்
என்று பயிற்சி வகுப்பில் படித்தேன்.
அங்கே உதையைப் பற்றிச் சொன்னார்கள்.
படத்தில் கணுக்காலை வட்டம் போட்டுக் காட்டினார்கள்.
இதற்கு எங்கே வட்டம் போடுவது?

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.
“ரெஃப்ரி, டைம் போவுது!”
பாலத்தின் மேல் ஒரு ரயில் முழுசாகப் போயிருந்தது.

தூக்கினேன்.

லோகசந்தர் தட்டிக்கொண்டே வெளியேறினான்.
நான் எண்ணவில்லை.
ஆட்டம் முடிந்து எல்லோரும் கை குலுக்கினார்கள்.
ஏசடியான் கையுறையைக் கழற்றவில்லை,
என் பக்கம் வரவும் இல்லை.

இரவு வீட்டில் அறிக்கைப் படிவம்.
தேதி, இடம், நிமிடம், சட்டை எண்
எல்லாம் மளமளவென்று நிரம்பின.
ஏழாவது கட்டம்:
‘பயன்படுத்திய சொற்களை அப்படியே எழுதவும்.’

இந்த ஊர்ப்பக்கமே பிறந்து வளர்ந்தவன்.
எத்தனையோ தரம் காதில் விழுந்த சொல்.
ஒருநாளும் எழுதியதில்லை.
மனைவி எழுந்து விளக்கு ஏன் எரிகிறது என்றாள்.
கணக்குப் பார்க்கிறேன் என்றேன்.

பள்ளியில் என் கையெழுத்துக்குப்
பரிசு தந்திருக்கிறார்கள்.
முதல் எழுத்தை எழுதி
பேனாவைத் தூக்கிப் பார்த்தேன்.
சுழி நன்றாக உருண்டு
அழகாக வந்திருந்தது.