அனுமதி டோக்கன்

மண்டபம் வடக்கு, காலை ஆறரை.
ஜன்னலுக்கு உள்ளே நான், முத்திரை, மை காய்ந்த பேடு.
வெளியே வரிசை.

"ஓட்டுநர் பேரு?"
"கோட்டைச்சாமி, மேடம்."

நிமிர்ந்தேன்.
விலங்கியல், இரண்டாவது பெஞ்சு.
என் நண்டையும் சேர்த்து அறுத்துக் கொடுத்தவன்.
"மேடமாம்ல" என்றேன்.
சிரித்தான்.
முன்பல் ஒன்று இல்லை.

பிறகு அவசர அவசரமாக எல்லோரையும் கேட்டோம்.
ஹபீப் நிஷா கீழக்கரையில் மாப்பிள்ளை எடுத்துவிட்டாள்.
ஜெர்சன் துபாயில் மீன் கம்பெனி மேலாளர்,
"நம்ம கணவாய்க்கு இப்ப அவன்தான் விலை வைக்கிறான்,
போனை எடுக்க மாட்டான்."
பூவலிங்கம் இன்னும் டெட் எழுதுகிறான்.
இந்த வருஷம் மகளும் அவனும் ஒரே ஹாலாம்,
அவள் பாஸ்.

"யக்கா, காத்து மாறுது" என்றது வரிசை.

"மகன் என்ன பண்றான்?"
"மெக்கானிக்கல் முடிச்சு கோயம்புத்தூர்ல.
கடலே வேணாம்னுட்டேன்."
"நல்லது."
"சார் எப்படி இருக்காக?"
"இருக்காரு, நல்லாத்தான்."
இரண்டு வருஷமாகிறது அவர் குரல் கேட்டு.

தொழிலாளர் பட்டியலைத் திருப்பினேன்.
ஐந்தாவது பெயர் புதுசு.
தகப்பன் பெயர் கோட்டைச்சாமி,
வயது இருபத்திரண்டு.
அவன் பாலத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

முத்திரை குத்தினேன்,
கோணலாய் விழுந்தது.
எல்லோருக்கும் சொல்வதை
அவனுக்கும் சொன்னேன்:
எல்லை தாண்டிறாதீக.

கையெழுத்துப் போட வாங்கிய பேனாவைத்
தராமலே போய்விட்டான்.
பரீட்சைக்கு வாங்கியதும்
இன்னும் வரவில்லை.