மூன்றாவது கம்பம்

காலை ஐந்தரை. விரல்களுக்கு இன்னும் விடியவில்லை.
சுடுதண்ணீர்ச் சட்டியில் அவற்றை ஊறப்போட்டபின்
சுவரில் சாய்ந்து குதிகால் உயர்த்துகிறேன்.
எட்டு.
பத்து என்றிருந்தாள் ஆஸ்பத்திரிப் பெண்;
மீதி இரண்டு கடன்.

குடியிருப்பது சமாதானபுரத்தில்.
முழங்காலுக்கு அந்த விலாசம் தெரியாது.

நேற்று ஐந்தாவது கரண்டுக்கம்பம் வரை போய்விட்டேன்,
யாரோ கைதட்டுவதுபோல.
ராத்திரி முழுக்க அதற்கு வட்டி.
இன்று மூன்றாவதைத் தொட்டுத் திரும்புகிறேன்,
தெருநாய்கூட எழுந்து வழிவிடாத வேகத்தில்.
"என்னக்கா, அதுக்குள்ளயா?"
பால் பாக்கெட்டோடு பியூலா.
"ஆமாட்டி, இன்னைக்கு இம்புட்டுதான்."
இப்படிச் சொல்லப் பழகவே நாலு வருஷமாயிற்று.

வாசல் கேட்டின் கொண்டி
வழக்கமாய் இரு கையும் கேட்கும்.
இன்று ஒரு கைக்கே நகர்ந்தது.
தனசிங் எண்ணெய் விட்டிருப்பாரோ?

கேட்கப்போவதில்லை.