ம்

"வீடு போய்ச் சேர்ந்தியா" என்று கேட்டிருந்தேன்.
தேசம்மா "ம்" என்று போட்டாள்.

வெறும் ம்.
வழக்கமாக அவள்
ஒரு நிமிஷம் நாற்பது செகண்டுக்குப் பேசி அனுப்புவாள்,
பின்னால் குக்கர் விசிலும்
அவள் மகன் திட்டு வாங்குவதும் கேட்கும்.

அப்போது மணி ஒன்பது பத்து.
பத்து மணிக்கு நான்
மதியம் அவள் டப்பாவிலிருந்து
கடைசி வஞ்சிரத் துண்டை எடுத்தது ஞாபகம் வந்தது.
பதினொன்றுக்குப் போன வருஷத்து தீபாவளிச் சீட்டு.
பன்னிரண்டுக்கு,
அவள் மாமனார் சாவுக்கு
மாலை வாங்காமல் போய் நின்றது.
அதற்கே ஏழு வருஷம் ஆகிறது.

இரண்டாம் வகுப்பில் படித்ததுதான்:
புள்ளி வைத்தால் மெய். அதற்கு உயிர் கிடையாது.
யாராவது கொடுத்தால்தான் எழுந்து நடக்கும்.
நான் கொடுத்தேன்.
ம வந்து நின்றது: மதிக்கவில்லை.
மா: மாறிவிட்டாள்.
மு: முறிந்தது.
படுக்கையை விட்டு எழாமலே
மௌ வரைக்கும் போய்விட்டேன்.

இரண்டு மணிக்கு எழுந்து சிலிண்டர் திருகைப் பார்த்தேன்.
மூடியிருந்தது.
பார்த்த கண்ணை நம்பாமல் தொட்டேன்.
தொட்ட கையை நம்பாமல் முகர்ந்தேன்.
தண்டையார்பேட்டையில் முகர்வதால் பிரயோசனமில்லை,
மணலிப் பக்கமிருந்து காற்று வரும் நாளில்
எல்லா வீட்டிலும்தான் கேஸ் ஒழுகும்.

மூன்றாவது மாடி ஜன்னலுக்குக் கீழே
கன்டெய்னர் லாரிகள்
துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்றன.
உள்ளே என்ன என்று டிரைவருக்கே தெரியாது.
சீல் வைத்தது.
அதன் அடியிலேயே கொசுவலை கட்டி
ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.
கொஞ்ச நேரம் அந்தக் குறட்டையைக் கேட்டேன்.
பொறாமையாக இருந்தது.

காலையில் கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
அந்தப் பக்கம் தேசம்மா. நடுவில் கூட்ஸ்.
டேங்கர் பெட்டிகளை எண்ணினேன்,
இரட்டைப்படையில் முடிந்தால் கோபமில்லை என்று.
முப்பத்தேழில் பின்னால் ஒரு பைக் ஹாரன் அடிக்க
கணக்கு விட்டுப்போனது.
ரயில் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.
போய் முடிந்தது.

"ரெண்டு கையும் நெத்திலிடீ" என்றாள்.
"வயிறு கிள்ளிக்கினு இருந்தேன்.
மூக்கால அடிச்சேன். ம உயுந்துச்சு.
புள்ளிக்கு இன்னொரு வாட்டி மூக்க வெச்சேன்,
போன் இன்னமும் நாறுது."

சிரித்தேன்.
சிரிக்கும்போதே உள்ளே ஒன்று கேட்டது:
நிஜமாகவா?

கேட் திறந்ததும்
எல்லாரையும் இடித்துக்கொண்டு முதலில் புகும்
ஷேர் ஆட்டோ மாதிரி அந்தக் குரல்.
வழி மறித்தால் மேலே ஏற்றிவிடும்.
ஒதுங்கினேன். போகட்டும்.
நாங்கள் தண்டவாளம் பார்த்து நடந்தோம்.

ராத்திரி திருகை மூடினேன்.
"மூடியாச்சு" என்று சுவருக்குக் கேட்கச் சொன்னேன்.
ஆனாலும் கை திரும்பப் போகப் பார்த்தது.
அதற்குத் துணி மடிக்கக் கொடுத்தேன்,
எட்டுத் துண்டு, நாலு தலையணை உறை,
ஜோடி இல்லாத ஒரு சாக்ஸ்.
மடித்து முடிக்கும்வரை நடுக்கம் இருந்தது.
மடித்த துணியில் அது தெரியவில்லை.

மீஞ்சூரிலிருந்து தம்பி கேட்டிருந்தான்:
"ஞாயித்துக்கிழம வர்றியாக்கா?"
"ம்" என்று போட்டுவிட்டுப் படுத்தேன்.

விளக்கை அணைத்த பிறகுதான் உறைத்தது,
அவனும் எங்கள் வீட்டுப் பிள்ளைதானே என்று.

எழுந்து உட்கார்ந்து எழுதினேன்:
வர்றேன்டா. கோவம்லாம் ஒண்ணுமில்ல.
துணி மடிச்சிட்டு இருந்தேன்.
தூங்கு.