அரைப்பேர்

மூன்று முறை கூவிவிட்டு
திரையைக் கறுப்பாகவே வைத்திருந்தது கணினி.
பொகவந்தலாவையிலிருந்து பைக்கில் ஏறி வந்திருந்தேன்,
விரல்கள் இன்னும் விறைத்தபடி.

"நேத்து மெதுவாவாச்சும் ஓடிச்சி.
புதுசு போட்டீங்க, படுத்திருச்சி"
என்றார் செக்ரோல் கிளார்க் பெனடிக்ட்.
நாளைக்குச் சம்பளம்.

புதுசு என்று அவர் சொன்ன ரேம்
ஹட்டனில் நான் வாங்கிய செகண்ட்ஹேண்ட்.
அதைக் கழற்றினேன், ஓடியது.
அதை மட்டும் போட்டேன், மூன்று கூவல்.
இடம் மாற்றினேன். அதே மூன்று.
காசளவு பேட்டரியை உருவிவிட்டு
ஒரு பிளேன்டீ குடித்து முடித்தேன்.
பழையதோடு எழுந்த இயந்திரம்
தேதி கேட்டால் 2005 என்றது.

பிறகுதான் டோர்ச் அடித்துப் பார்த்தேன்:
பொன்னிறப் பற்களில் மங்கல்.
இந்த ஊர் பனி
எந்தப் பையைத்தான் விட்டுவைத்தது?

"அழிறப்பர் இருக்கா?"
லாச்சியைத் துழாவித் தந்தார்,
பேர்ப்பதிவில் பிழை அழித்து அழித்து
ஒரு பக்கம் கறுத்துத் தேய்ந்தது.
அதைக் கொண்டுதான் தேய்த்தேன்
நினைவகத்தை.

கிளிப் 'டக்'கென்று கடித்தது.
ஒரே கூவல்.
எண்கள் ஏறின, ஏறின,
இரண்டாயிரத்து நாற்பத்தெட்டில் நின்றுவிட்டன.
மூவாயிரத்துச் சொச்சம் வந்திருக்கவேண்டும்.

"போர்டு பழசு சேர்.
இது எவ்வளவு சுமந்தாலும்
பாதியைத்தான் அதுக்கு எண்ணத் தெரியும்."

பெனடிக்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிச் சிரித்தார்:
"முழு நாள் நின்னும் அரைப்பேரா?"

வெளியே தராசடியில்
படங்கை உதறிக்கொண்டிருந்த ஒருத்தி
சட்டென்று திரும்பினாள்,
தன்னைத்தான் சொல்கிறாரோ என்று.