இரண்டாம் நடை

மாலை நான்கு மணி.
எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்து
வேண்டாததைத் தேடுகிறேன்.
நான்தான் அது என்று ஒன்றுகூட ஒப்புக்கொள்வதில்லை.

இரண்டு கிட்டார் எதற்கு?
போன மாதம் தெஹிவளைக் கலியாணத்தில்
மேல்கம்பி அறுந்து, மிச்சம் ஐந்தில் பைலா முடித்தேன்.
ஒருவருக்கும் தெரியவில்லை,
பேஸ் வாசிக்கிற துலாஞ்சனவைத் தவிர.
அவன் சிரித்த சிரிப்பை வீடு வரை சுமந்து வந்தேன்.
சரி, ஒரு கிட்டார். இரண்டு கட்டு கம்பி.

பெடல் ஏழு. கலியாணத்துக்கு மூன்று காணும்.
ஒன்றைக் கழற்றினேன்.
பலகையில் தூசி படியாத ஒரு சதுரம்,
பல் விழுந்த இடம் போல.
திரும்பப் பூட்டிவிட்டேன்.

இந்த ஊர்ச் சுவர்களுக்கு மூன்று வித வாய்:
சின்ன உருண்டை, பெரிய உருண்டை, சதுரம்.
எந்த மண்டபத்துக்கு எந்த வாய் என்று
போய் முழங்காலில் குனிந்தால்தான் தெரியும்.
ஆகவே ஒரு பிஸ்கட் டின் நிறைய அடாப்டர்.
டின்னுக்கும் ஒரு கனம் இருக்கிறது.

பிறகு அம்ப்.
பதினெட்டுக் கிலோ, வால்வுகளோடு.
'போனுக்குள்ளேயே அடங்குமாம் இப்ப' என்கிறாள் ஷாமினி,
சொல்லிவிட்டு மற்றப் பக்கக் கைப்பிடியைப் பிடிக்கிறாள்.
நுஸ்கி எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பையில் கொண்டு வருகிறான்.
அவனுக்குத் தோள் இரண்டும் ஒரே உயரம்.
எனக்குக் கோட்டு தைக்கிறவர்
ஊசியை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்:
'வலப்பக்கம் அரை அங்குலம் இறக்கட்டா?'

கடல் ஒரு ஒழுங்கை தள்ளி.
வெள்ளவத்தைக் காற்று கம்பியை மூன்று வாரத்தில் தின்னும்,
திருகாணியை மூன்று வருடத்தில்.
அதனால் கிட்டார் நிற்பது அலுமாரிக்குள்,
ஷாமினியின் கூறைச்சேலைக்குப் பக்கத்தில்.
சப்பாத்துப் பெட்டிகளில் பொறுக்கிய
'உண்ண வேண்டாம்' பைக்கற்றுகள் காலடியில்.
மேடையில் உறையைத் திறந்தால் பூச்சி உருண்டை வாசம்.
ட்ரம்ஸ் பக்கம் முதல் தும்மல்.
அதுதான் எங்கள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

கொள்ளுப்பிட்டி ஹோட்டலில்
விருந்தாளிகளுக்குக் கண்ணாடி லிஃப்ட்.
எங்களுக்குச் சாமான் லிஃப்ட்,
ஐஸில் கிடந்த பாரை மீன்களோடு ஏழாம் மாடி வரை.
ஒரு மீன் அம்ப்பையே பார்த்துக்கொண்டு வந்தது.

இரவு இரண்டு மணி. காலி வீதி.
ஆட்டோவை மறித்த பொலிஸ்காரர் உறையைத் திறக்கச் சொன்னார்.
டோர்ச் வெளிச்சம் கம்பி கம்பியாக இறங்கியது.
மகள் ஒன்று கேட்கிறாளாம், என்ன விலை?
பாதி சொன்னேன்.
ஷாமினிக்குச் சொன்ன அதே பாதி.
அதற்கே அவர் டோர்ச்சை அணைத்துவிட்டு
'போங்கள்' என்றார்.

லிஃப்ட் வேலை செய்வதில்லை, சித்திரையிலிருந்து.
நான்கு மாடி, இரண்டு நடை.
முதல் நடையில் எது?
களவு போனால் திரும்ப வாங்க முடியாதது.
கிட்டாரைத் தோளில், பெடலைக் கையில்.
அம்ப்பைக் காவல் மேசையருகே விட்டுப் படியேறினேன்,
ஒவ்வொரு வளைவிலும் நின்று
கீழே காது கொடுத்தபடி.

அலுமாரியைச் சத்தமில்லாமல் திறந்து
சேலையை ஒரு விரலால் தள்ளி வைத்து மூடி,
இறங்கி வந்தால்

காவலுக்கிருக்கும் ஜேமிஸ்
கதிரையை விட்டு எழுந்து வந்து
அம்ப்பின் மேல் உட்கார்ந்து
சுவரில் தலை சாய்த்துத் தூங்குகிறார்.

நான்கு மணி நேரம் எரிந்த வால்வுகள்.
இன்னும் சூடு இருக்கும் அதில்.

எழுப்ப மனமில்லை.
கடைசிப் படியில் நானும் உட்கார்ந்தேன்,
வலத்தோளைச் சுவருக்குக் கொடுத்து.