பெரட்டு

பீடோர் ஆப்பீஸ், இரவு பதினொன்று.
பச்சைத் திரையில் செம்பனைக் குலைகளின் எடையைத் தட்டுகிறேன்.

கோலாலம்பூரில் பெரிய கணினிக்கு வாசலில்
ஒரு முன்முனைச் செயலி.
லைன் பார்க்கிற யூசோப் சொன்னான்:
அதற்குப் பெரட்டு எடுக்கிற வேலை.
தாப்பா, ஏதும் உண்டா?
சிலிம், உண்டா?
பீடோர்?
பொழுதன்னைக்கும் இதேதான்.

இடி கம்பியில் இறங்கி
நாலு டன் நாற்பதாகிப் போனாலும்
கூட்டிப் பார்க்கும். கணக்கு உதைத்தால்
மறுபடி சொல் என்னும்.
பெரியதின் காதுக்கு மழையே போனதில்லை,
அது சம்பளம் போட்டுக்கொண்டிருக்கிறது.

நேற்று லைன் அறுந்தது.
காலையில் யூசோப் போனில் படித்தான்:
பீடோர், பதிலில்லை.
பீடோர், பதிலில்லை.
பீடோர், பதிலில்லை.
போதும் என்றேன்.
இன்னும் இரண்டு தாள் இருக்கு என்றான்.

ஐந்தரைப் பெரட்டில்
என் அப்பா பெயரை
எந்தத் தண்டலும்
இரண்டாம் தடவை கூப்பிட்டதில்லை.